ட்ரே ஐகானில் ‘மூடு’ கொடுத்தால் நிஜமாகவே மூடுவதற்கு

நண்பரின் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஸ்கேனரிலிருந்து ஒரு ஃபோல்டரில் வந்து விழும் ஃபைல்களை எடுத்து, தேதியும் வரிசை எண்ணும் போட்டுப் பெயர் மாற்றி, வேறொரு ஃபோல்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சை ஐகான். ரைட் கிளிக் செய்தால் ‘ஜன்னலைக் காட்டு’, ‘மூடு’ என்று இரண்டே இரண்டு மெனு. மூன்றாம் நாள் போன் வந்தது. “மூடிட்டேன்டா, ஐகானும் போயிருச்சு. ஆனா ஃபைலை அழிக்கப் போனா வேற ப்ரோகிராம்ல திறந்திருக்குன்னு சொல்லுது.” டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். பைதான் என்ற பெயரில் நான்கு வரிகள் இருந்தன. நான்கு முறை மூடியிருக்கிறார், நான்கும் சாகாமல் உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

பைதானில் ஜன்னல் காட்ட டிகேஇன்டரையும், கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ட்ரேயில் ஐகான் வைக்க பைஸ்ட்ரேயையும் சேர்த்து முதன்முதலாக எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ப்ரோகிராம் நன்றாக ஓடும், மூடும்போதுதான் வம்பு. அதை விண்டோஸில் எப்படிச் சரிசெய்வது என்று பார்ப்போம். உங்களுக்கு பைதானில் ஃபங்ஷன் எழுதத் தெரியும், த்ரெட் என்றால் ஏதோ ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடப்பது என்ற அளவுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். அது போதும்.

உள்ளே எத்தனை பேர்

முதலில் ஆட்களை எண்ணுங்கள். இந்த மாதிரி ப்ரோகிராமில் குறைந்தது மூன்று த்ரெட் இருக்கும். ஒன்று மெயின் த்ரெட். ஜன்னலும் அதன் பட்டன்களும் இதற்குச் சொந்தம், டிகேஇன்டரின் மெயின் லூப், அதாவது கிளிக் போன்றவற்றுக்காகக் காத்திருந்து ஒவ்வொன்றாகக் கவனிக்கும் சுற்று, இதில்தான் சுற்றுகிறது. இரண்டாவது ஐகானின் த்ரெட். விண்டோஸில் பைஸ்ட்ரேயை ‘ரன் டிடாச்டு’ முறையில் கிளப்பினால் அது தனக்கென்று ஒரு த்ரெட்டைத் தொடங்கிக்கொள்ளும். மெனுவில் நீங்கள் எதைக் கிளிக் செய்தாலும் அதற்கான ஃபங்ஷன் ஓடுவது இந்த த்ரெட்டில்தான். மூன்றாவது வேலைக்கார த்ரெட், ஃபோல்டரைப் பார்த்துக்கொண்டு ஃபைல்களை நகர்த்துவது.

குழப்பத்தின் வேர் இரண்டாவதில் இருக்கிறது. ‘மூடு’ மெனுவுக்கு எழுதிய ஃபங்ஷன் உங்கள் ஃபைலில் ஜன்னல் கோடுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஒரே கிளாஸுக்குள்ளும் இருக்கலாம். பார்க்க ஒரே வீட்டுப் பிள்ளை போலத் தெரியும். ஆனால் அது ஓடுவது வேறொரு த்ரெட்டில். எங்கே எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

அப்படியானால் மூடும்வரை மட்டும் எப்படி ஒழுங்காக ஓடியது? வேறு த்ரெட்டிலிருந்து ஜன்னலைத் தொட்டால் டிகேஇன்டர் அந்த வேண்டுகோளை மெயின் த்ரெட்டின் வரிசையில் போட்டுவிட்டு, பதில் வரும்வரை கேட்டவரைக் காக்க வைக்கிறது. மெயின் லூப் சுற்றிக்கொண்டிருக்கும்வரை பதில் வந்துவிடும். நீங்கள் செய்த தப்பு வெளியே தெரியாது. மூடும்போது அந்த லூப்தான் நிற்கிறது. அதற்குப் பிறகும் யாராவது கதவைத் தட்டினால், டிகேஇன்டர் சுமார் ஒரு நொடி பொறுத்துப் பார்த்துவிட்டு ‘மெயின் த்ரெட் இஸ் நாட் இன் மெயின் லூப்’ என்று ரன்டைம் எரரை வீசும். பிழை மூடும்போது பிறப்பதில்லை. முதல் நாளிலிருந்தே இருக்கிறது, மூடும்போது பிடிபடுகிறது.

எந்தப் பிழை எதைச் சொல்கிறது

மேலே சொன்னது ஒன்று. ‘டிசிஎல் அசிங்க் டிலீட்: அசிங்க் ஹேண்ட்லர் டிலீட்டட் பை த ராங் த்ரெட்’ என்று காட்டி ப்ரோகிராம் சட்டென்று செத்தால், ஜன்னலை ஒரு த்ரெட் உருவாக்கி இன்னொரு த்ரெட் அழித்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் இதற்குக் காரணம், மெனு ஃபங்ஷனுக்குள் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு டிகே ஜன்னலை உருவாக்குவது. நீங்கள் கைவிட்ட பழைய ஜன்னலை பைதானின் குப்பை அள்ளும் வேலை எந்த த்ரெட்டில் வேண்டுமானாலும் வந்து அள்ளும். தப்பான த்ரெட்டில் அள்ளினால் கதை முடிந்தது.

‘இன்வேலிட் கமாண்ட் நேம்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். ‘ஆஃப்டர்’ வைத்து நீங்கள் பின்னால் ஓடச் சொன்ன ஒரு வேலை இன்னும் வரிசையில் நிற்கும்போதே ஜன்னலை அழித்துவிட்டீர்கள். அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான்.

எந்தப் பிழையும் காட்டாமல் ஜன்னல் உறைந்துபோவதும் உண்டு, ஐகான் போன பிறகும் ப்ராசஸ் சாகாமல் இருப்பதும் உண்டு. புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பவை இவைதான், தேடிப் பார்ப்பதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

முதல் படி: பேர் வைத்து, வருகைப் பதிவேடு எடுங்கள்

எதையும் மாற்றும் முன் ப்ரோகிராமைக் கறுப்புத் திரையிலிருந்து (கமாண்ட் ப்ராம்ப்ட்) சாதாரண பைதானில் ஓட்டுங்கள். கறுப்புத் திரை இல்லாத ‘பைதான் டபிள்யூ’வில் ஓட்டினால் பிழைச் செய்தி போக இடமில்லாமல் காணாமல் போய்விடும். பலர் ‘எனக்கு எரரே வரவில்லை’ என்று சொல்வது இதனால்தான்.

த்ரெட்டை உருவாக்கும்போது அதற்கு ஒரு பெயர் கொடுங்கள். நான் ‘கோப்பு வேலை’ என்று வைத்தேன். பிறகு ‘மூடு’ ஃபங்ஷனின் முதல் வரியில் ‘கரன்ட் த்ரெட்’டின் பெயரை அச்சடிக்கச் சொல்லுங்கள். மெயின் த்ரெட் என்று வராது. இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேலே சொன்னது மனதில் உறைக்கும். மெயின் லூப் முடிந்ததற்கு அடுத்த வரியில் ‘த்ரெட்டிங்’ மாட்யூலின் ‘எனுமரேட்’டைக் கூப்பிட்டு, இன்னும் உயிரோடிருக்கும் எல்லா த்ரெட்டின் பெயரையும் அச்சடியுங்கள். மெயின் த்ரெட்டைத் தவிர வேறு யார் பெயர் வந்தாலும், அது டீமன் த்ரெட் (ப்ரோகிராம் முடியும்போது தானும் முடிந்துவிடும் த்ரெட்) இல்லையென்றால், அவரால்தான் ப்ராசஸ் சாகவில்லை. நண்பர் கடையில் வந்த பெயர் ‘கோப்பு வேலை’.

எங்கே சிக்கியது என்றே தெரியாமல் உறைந்து நின்றால் ‘ஃபால்ட் ஹேண்ட்லர்’ என்று பைதானுடனேயே வரும் ஒரு மாட்யூல் இருக்கிறது. அதில் ‘டம்ப் ட்ரேஸ்பேக் லேட்டர்’ என்பதற்கு 10 நொடி என்று கொடுத்து மூடும் வேலையைத் தொடங்குங்கள். பத்து நொடியில் ப்ரோகிராம் முடியாவிட்டால் ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதித் தந்துவிடும். ஒரு லாக் ஃபைலைத் திறந்து அதை இதற்குக் கொடுத்து வைப்பது நல்லது. கடைக்காரரின் கணினியில் கறுப்புத் திரை திறந்திருக்காது அல்லவா?

இரண்டாம் படி: ஜன்னல் ஒன்று, அதுவும் மெயின் த்ரெட்டில்

டிகே ஜன்னலை மெயின் த்ரெட்டில் ஒரே ஒருமுறை உருவாக்குங்கள். பெருக்கல் குறியை அழுத்தினால் அழிக்காதீர்கள், ‘வித்ட்ரா’ செய்து மறைத்து வையுங்கள். மறுபடி வேண்டும்போது ‘டீஐகானிஃபை’ செய்து காட்டுங்கள். ‘அமைப்புகள்’ போன்ற இரண்டாவது ஜன்னல் தேவைப்பட்டால் இன்னொரு டிகே வேண்டாம், ‘டாப்லெவல்’ போதும்.

ஐகானை ‘ரன் டிடாச்டு’ கொண்டு கிளப்பிவிட்டு, அதன் பிறகு மெயின் லூப்புக்குள் போங்கள். வெறும் ‘ரன்’ கொடுத்தால் அது அந்த வரியிலேயே நின்றுவிடும், அடுத்த வரிக்கு வராது. அதைச் சமாளிக்க டிகேஇன்டரைத் தூக்கி வேறு த்ரெட்டில் போடுகிறவர்கள் உண்டு. ஓடவும் செய்யும். ஆனால் மூடும்போது நான் சொன்ன ‘ராங் த்ரெட்’ செய்தி வர வாய்ப்பு அதிகம். மேக்கில் நிலைமை இன்னும் கறார். அங்கே ஐகானும் மெயின் த்ரெட்டில்தான் இருந்தாக வேண்டும், அதனால் இந்த ஏற்பாட்டை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

மூன்றாம் படி: மெனு சொல்லிவிட்டுப் போகட்டும்

‘மூடு’ மெனுவின் ஃபங்ஷனில் நீங்கள் இப்போது எழுதியிருப்பது அநேகமாக ஐகானை நிறுத்து, ஜன்னலை அழி, ‘சிஸ் எக்ஸிட்’ என்ற மூன்று வரிகள். மூன்றையும் எடுத்துவிடுங்கள். ‘சிஸ் எக்ஸிட்’ மெயின் த்ரெட் அல்லாத இடத்தில் கூப்பிடப்பட்டால் முழு ப்ரோகிராமையும் முடிக்காது. அதிகபட்சம் அந்த ஒரு த்ரெட்டை முடிக்கும்.

அந்த இடத்தில் ஒரே வரி: ஒரு ‘க்யூ’வில், அதாவது ஒருவர் போட்டு இன்னொருவர் வரிசையாக எடுக்கும் பெட்டியில், ‘மூடு’ என்ற சொல்லைப் போடுவது. பைதானின் க்யூ பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் கைவைத்தாலும் கெட்டுப்போகாதபடி கட்டப்பட்டது. மெயின் த்ரெட்டில் ஒரு சின்ன ஃபங்ஷன், ‘ஆஃப்டர்’ வழியாக 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அந்த க்யூவை ‘கெட் நோவெயிட்’ கொண்டு எட்டிப் பார்க்கட்டும். ஏதாவது இருந்தால் செய்யட்டும், இல்லையென்றால் ‘எம்ப்டி’ என்ற பிழையைப் பிடித்து விழுங்கட்டும், எப்படியானாலும் அடுத்த 100 மில்லிசெகண்டுக்குத் தன்னையே மறுபடி பதிவு செய்யட்டும். நொடிக்குப் பத்து முறை ஒரு காலிப் பெட்டியைத் திறந்து பார்ப்பது கணினிக்குப் பெரிய சுமையே இல்லை. ‘ஜன்னலைக் காட்டு’ மெனுவும் இதே வழியில்தான் போக வேண்டும். வேலைக்கார த்ரெட் ஜன்னலில் எதையாவது எழுத வேண்டும் என்றாலும் இதே க்யூதான்.

மெனு ஃபங்ஷனிலிருந்து நேராக ‘ஆஃப்டர்’ ஐக் கூப்பிட்டு, 0 மில்லிசெகண்டில் ஜன்னலை அழிக்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். பல இடங்களில் அதைத்தான் தீர்வாகச் சொல்கிறார்கள். மெயின் லூப் ஓடும்வரை அதுவும் வேலை செய்யும். ஆனால் ‘ஆஃப்டர்’ என்பதே டிகேஇன்டரின் கதவைத் தட்டுவதுதான். லூப் நிற்கும் அந்த நொடியில் தட்டினால் பழைய பிழையே திரும்ப வரும். க்யூவுக்கு அந்தக் கவலை கிடையாது.

இங்கே ஒரு பொறி. மெனுவில் டிக் குறி போட ‘செக்டு’ என்பதற்கு ஒரு குட்டி ஃபங்ஷன் கொடுப்போம். அதற்குள் டிகேஇன்டரின் ‘பூலியன் வார்’ மதிப்பைப் படித்தால், அதுவும் ஐகானின் த்ரெட்டிலிருந்து ஜன்னலைத் தொடுவதாகும். நான் இதை மட்டும் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுவதையும் செலவழித்தேன். சாதாரண பைதான் மாறி ஒன்றில் அந்த மதிப்பை வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

நான்காம் படி: தூங்குபவரை எழுப்பும் வழி

வேலைக்கார த்ரெட்டின் லூப் பொதுவாக ‘வைல் ட்ரூ’ என்று தொடங்கி, வேலையைச் செய்து, 30 நொடி ‘ஸ்லீப்’ என்று முடியும். இதற்கு முடிவே கிடையாது. ‘ரன்னிங்’ என்று ஒரு மாறி வைத்து அதைப் பொய்யாக்கினாலும், தூக்கத்தில் இருப்பவருக்கு அது 30 நொடி கழித்துத்தான் தெரியும்.

‘த்ரெட்டிங்’ மாட்யூலில் உள்ள ‘ஈவென்ட்’ இதற்கென்றே இருக்கிறது. ‘நிறுத்து’ என்ற பெயரில் ஒன்றை உருவாக்குங்கள். ‘ஸ்லீப் 30’ இருந்த இடத்தில் ‘நிறுத்து.வெயிட் 30’. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 30 நொடி தூங்கி எழுந்து ‘பொய்’ என்று திருப்பித் தரும். இடையில் யாராவது ‘செட்’ செய்தால் அந்தக் கணமே விழித்து ‘மெய்’ என்று தரும். ஆக லூப்பின் தலைப்பே ‘நிறுத்து.வெயிட் மெய் தராதவரை’ என்று ஆகிவிடும். ஒரு ஃபைலை முடித்து அடுத்ததை எடுக்கும் முன்னும் ‘இஸ் செட்’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். ஒரே சமயத்தில் இருநூறு ஃபைல் வந்து கிடந்தால் அத்தனையும் முடியும்வரை மூடக் காத்திருக்க முடியாது.

இணையத்திலிருந்து எதையாவது வாங்கும் வேலையாக இருந்தால் ஈவென்ட் மட்டும் போதாது. பதில் வராத சர்வரிடம் த்ரெட் மாட்டிக்கொண்டால் நீங்கள் சொல்வது அதன் காதில் விழாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் டைம்அவுட் கொடுங்கள்.

‘டீமன் த்ரெட் என்று போட்டால் தானே செத்துவிடுமே, எதற்கு இத்தனை பாடு?’ என்பார்கள். சாகும், உண்மை. ஆனால் எங்கே நிற்கிறதோ அங்கேயே சாகும். பாதி எழுதிய ஃபைல் பாதியாகவே கிடக்கும். பைதானின் சொந்த ஆவணமே டீமன் த்ரெட்டுகள் சட்டென நிறுத்தப்படும், திறந்த ஃபைல்கள் சரியாக விடுவிக்கப்படாமல் போகலாம் என்று எச்சரிக்கிறது. அடுத்தவரின் பத்திரத்தை ஸ்கேன் செய்யும் கடையில் அது விளையாட்டல்ல. கடிகாரம் காட்டுவது, சத்தம் எழுப்புவது போன்ற வேலைக்கு டீமன் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற வேலைக்கு வேண்டாம்.

எழுதுகிற வேலையில் இன்னொரு பழக்கமும் நல்லது. ஃபைலை முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி, மூடி, கடைசியில் ‘ஓஎஸ் ரீப்ளேஸ்’ கொண்டு உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். கரண்ட் போனால் த்ரெட்டை எவ்வளவு ஒழுங்காக வைத்திருந்தாலும் பயனில்லை, அரைகுறை ஃபைல் நல்ல ஃபைல் போல நடிக்காமல் பெரும்பாலும் தடுப்பது இதுதான்.

ஐந்தாம் படி: ஷட்டரை யார், எப்போது இறக்குவது

கடையை மூடும்போது முதலாளி என்ன செய்வார்? உள்ளே ஜெராக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷட்டரை இறக்க மாட்டார். ‘முடிச்சுட்டு வாப்பா’ என்று குரல் கொடுப்பார். பையன் வந்த பிறகு போர்டு விளக்கை அணைப்பார், கடைசியாக ஷட்டர். நம் வரிசையும் அதுவே: குரல், வேலைக்காரர், ஐகான், ஜன்னல்.

க்யூவில் ‘மூடு’ வந்ததும் மெயின் த்ரெட்டில் ஓடும் ‘மூடத் தொடங்கு’ ஃபங்ஷன் முதலில், ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். பொறுமையில்லாமல் இரண்டு முறை கிளிக் செய்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இல்லையென்றால் ஜன்னலை மறைத்து, ஐகானின் ‘டைட்டில்’ எழுத்தை ‘முடிக்கிறது…’ என்று மாற்றி, ‘நிறுத்து’ ஈவென்டை ‘செட்’ செய்யட்டும்.

அடுத்தது, எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். வேலைக்காரர் முடிக்கும்வரை காத்திருக்க ‘ஜாயின்’ என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கூப்பிடலாம் என்று தோன்றும். மெயின் த்ரெட்டில் கூப்பிடாதீர்கள். ‘ஜாயின்’ கூப்பிட்ட நொடியில் மெயின் த்ரெட் கையைக் கட்டி நின்றுவிடும், மெயின் லூப் சுற்றாது. அதே நேரம் வேலைக்காரர் உங்கள் கோடில் எங்கோ மறந்துபோன ஒரு வரியில் ஜன்னல் லேபிளை மாற்றப் போயிருந்தால், அவர் மெயின் த்ரெட்டின் பதிலுக்காகக் காத்திருப்பார். இவர் அவருக்காக, அவர் இவருக்காக. ‘நீ முதலில் போ’ என்று வாசலில் நிற்கும் இரண்டு பேர் போல அப்படியே நிற்பார்கள். டெட்லாக் என்பது இதுதான். பிழைச் செய்தி இல்லாமல் உறையும் ப்ரோகிராம்களில் நான் பார்த்த பாதிக்கு மேல் இந்த வகை.

காத்திருப்பதையும் ‘ஆஃப்டர்’ வழியாகவே செய்யுங்கள். ‘முடிந்ததா பார்’ என்று ஒரு ஃபங்ஷன். வேலைக்கார த்ரெட்டின் ‘இஸ் அலைவ்’ இன்னும் மெய்யாக இருந்தால் 100 மில்லிசெகண்டில் மறுபடி வரச் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போகட்டும். பொய்யாகிவிட்டால் ஐகானின் ‘ஸ்டாப்’, அதற்கடுத்து ஜன்னலின் ‘டெஸ்ட்ராய்’. இடையில் லூப் சுற்றிக்கொண்டே இருப்பதால் எதுவும் உறையாது.

ஐகானைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டும் என்பது என் சொந்தத் தீர்ப்பு. ஐகான் மறைந்தால் வேலை முடிந்தது என்று பயனர் நினைப்பார், உடனே கணினியை அணைப்பார். முடியும்வரை ஐகான் நிற்பதுதான் நேர்மை. ஆனால் ‘ஸ்டாப்’ ஐ மறந்துவிடாதீர்கள். விண்டோஸில் ஐகானின் த்ரெட் டீமன் அல்ல, நிறுத்தாவிட்டால் ஜன்னல் போன பிறகும் ப்ராசஸ் நிற்கும். பைஸ்ட்ரேக்கு ‘செட்டப்’ ஃபங்ஷன் ஒன்று கொடுத்து அதற்குள் முடிவில்லாத லூப் ஓட்டியிருந்தாலும் இதே கதிதான்.

க்யூவை எட்டிப் பார்க்கும் ஃபங்ஷன் மூடத் தொடங்கிய பிறகு தன்னை மறுபடி பதிவு செய்யாமல் இருக்கட்டும். ‘இன்வேலிட் கமாண்ட் நேம்’ அத்தோடு போய்விடும். வேறு ‘ஆஃப்டர்’ வேலைகள் இருந்தால் அவை தரும் அடையாள எண்ணை வைத்துக்கொண்டு ‘ஆஃப்டர் கேன்சல்’ செய்யுங்கள்.

வேலைக்காரர் முடிக்கவே மாட்டேன் என்றால்? ஒரு கெடு வையுங்கள். நான் 15 நொடி வைத்தேன். அதற்கு மேல் போனால் லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு ‘ஓஎஸ் அண்டர்ஸ்கோர் எக்ஸிட்’. அது எதையும் கேட்காமல் ப்ராசஸை வெட்டி முடிக்கும். ஐகானை முன்பே ‘ஸ்டாப்’ செய்யாமல் இதைக் கூப்பிட்டால், மௌஸ் மேலே படும்வரை செத்துப்போன ஐகான் ட்ரேயில் பேயாகத் தொங்கும். இது ஆம்புலன்ஸ் வண்டி, தினமும் கடைக்குப் போக எடுக்கக் கூடாது.

வேறு மொழி, வேறு கருவி என்றால்

டிகேஇன்டருக்குப் பதில் க்யூட்டி (Qt) என்ற ஜன்னல் கருவியில் எழுதினால் பாதித் தொல்லை இல்லை. ஐகானும் ஜன்னலும் ஒரே லூப்பில் இருக்கின்றன. ஆனால் ஓடும் ‘க்யூ த்ரெட்’டை (க்யூட்டியின் த்ரெட், மேலே சொன்ன க்யூ அல்ல) விட்டுவிட்டு மூடினால் ‘டெஸ்ட்ராய்டு வைல் த்ரெட் இஸ் ஸ்டில் ரன்னிங்’ என்று திட்டும். சி ஷார்ப்பில் ‘க்ராஸ் த்ரெட் ஆபரேஷன் நாட் வேலிட்’ என்ற செய்தி வரும். அங்கே க்யூவின் இடத்தில் ‘பிகின் இன்வோக்’. வெறும் ‘இன்வோக்’ பதிலுக்குக் காத்திருக்கும், அதனால் மேலே சொன்ன வாசல் கதை அங்கேயும் நடக்கும்.

ஆறாம் படி: வேண்டுமென்றே கெட்ட நேரத்தில் மூடுங்கள்

த்ரெட் பிழை பத்து முறையில் ஒன்பது முறை வராது. ‘நான் மூடிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது’ என்பதற்கு மதிப்பில்லை. வேலைக்கார ஃபங்ஷனின் நடுவில் தற்காலிகமாக 3 நொடி ‘ஸ்லீப்’ ஒன்றைச் செருகி, சரியாக அந்த மூன்று நொடிக்குள் மூடிப் பாருங்கள். ப்ரோகிராம் திறந்த அரை நொடியில் மூடுங்கள். ‘மூடு’வை இரண்டு முறை கிளிக் செய்யுங்கள். அமைப்புகள் ஜன்னல் திறந்திருக்கும்போது மூடுங்கள். மூடிய கையோடு மறுபடி திறந்து, பழையது இன்னும் ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் டாஸ்க் மேனேஜரின் விவரப் பட்டியல் பக்கத்தில் திறந்தே இருக்கட்டும்.

நண்பர் கடையில் நாற்பது பக்க ஸ்கேன் ஓடும்போது மூடிப் பார்த்தோம். ‘முடிக்கிறது…’ என்று இரண்டு நொடி நின்றது, ஐகான் போனது, பட்டியலில் பைதான் வரி இல்லை. நண்பர் ஃபோல்டரைத் திறந்து கடைசி ஃபைலை அழித்துக் காட்டினார். அழிந்தது. பிறகுதான் அது ஒரு வாடிக்கையாளருடையது என்று ஞாபகம் வந்து ரீசைக்கிள் பின்னைத் திறந்தார்.